தடைகள் காட்டிய பாதை: டி செல் விழித்தெழும் வரலாறு

ஓர் ஊருக்குள் தண்ணீர் எந்தெந்த வாய்க்கால் வழியே வருகிறது என்பது, தண்ணீர் ஒழுங்காக வரும் வரையில் யாருக்கும் தெரிவதில்லை. ஏதோ ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டு, கடைமடை வறண்ட பிறகுதான் மக்கள் கரையோடு நடந்து மேலே பார்க்கப் போகிறார்கள். நம் உடலின் நோயெதிர்ப்புப் படையில் முதன்மையான டி செல்கள் உறக்கத்திலிருந்து எழும் முறையும் பெரும்பாலும் இவ்வாறுதான் அறியப்பட்டது. ஒரு மருந்து அடைத்த இடம், ஆய்வகத்தில் பழுதுபட்ட சில செல்கள், பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாத சில குழந்தைகள் என மூவகைத் தடைகள் அந்தப் பாதையைக் காட்டின. அரை நூற்றாண்டு காலம் நீண்ட அந்தத் தேடலின் வரலாறே இப்பதிவு.

1960ஆம் ஆண்டு வரை, இரத்தத்தில் உலவும் லிம்போசைட் எனும் சிறு வெள்ளை அணு, வாழ்வின் இறுதிக் கட்டத்தை அடைந்துவிட்ட ஒன்று என்றே பலரும் கருதினர். அது வளராது, பிரியாது என்பது பொதுக் கருத்து. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் என்பவர் வெள்ளை அணுக்களை வளர்ப்பூடகத்தில் வைத்து ஆராய்ந்துவந்தார். சிவப்பணுக்களைத் திரளச் செய்து நீக்குவதற்காக, நாம் ராஜ்மா என்று சமைக்கும் பயற்றிலிருந்து எடுத்த ஒரு சாற்றை அவர் சேர்த்திருந்தார். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பிரியாது என்று கருதப்பட்ட அணுக்கள் பெருத்துப் பிரிந்துகொண்டிருந்தன. அணுக்களை எழுப்பியது அந்தப் பயற்றுச் சாறுதான் என்று நோவெல் நிறுவினார். சிறு லிம்போசைட் இறுதிக் கட்ட அணு அன்று. அழைப்பை எதிர்நோக்கி உறங்கும் அணு என்பது இதனால் தெரிந்தது.

அடுத்த ஆண்டே, லண்டனில் ஜாக் மில்லர் மற்றொரு செய்தியை வெளியிட்டார். மார்பெலும்பின் பின்னே இருக்கும் தைமஸ் சுரப்பி, பயனற்ற எச்சம் என்று பலரும் ஒதுக்கிய உறுப்பு. பிறந்தவுடன் அதை அகற்றினால் எலிக்குஞ்சுகளின் உடலில் லிம்போசைட்டுகள் மிகக் குறைந்தன. அவை தொற்றுகளுக்கு எளிதில் இரையாயின. வேறோர் எலியின் தோலை ஒட்டினாலும் அதை உதறித் தள்ளவில்லை. தைமஸில் பக்குவப்படும் இந்த அணுக்களுக்கே பின்னர், அச்சுரப்பியின் முதலெழுத்தைக் கொண்டு, டி செல் என்று பெயர் வந்தது. பிறர் உடலின் தோலையும் சிறுநீரகத்தையும் அயலானது என்று கண்டு அழிப்பவை இவையே.

உறுப்பு மாற்று மருத்துவத்திற்கு இதுவே பெரும் இடராக இருந்தது. 1954இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒருகரு இரட்டையர் என்பது. மற்றவர்களுக்கு 1960களில் கிடைத்த வழி அசாதயோபிரினும் ஸ்டீராய்டும். அசாதயோபிரின், பெருகும் செல்கள் பலவற்றையும் பாகுபாடின்றித் தாக்குவது. எலும்பு மஜ்ஜையும் அதற்குத் தப்பாது. 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடைபெற்ற காலத்திலும் மருத்துவ உலகின் கையிருப்பு இவ்வளவுதான்.

இந்நிலையை மாற்றிய மருந்து மண்ணிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இயங்கிய சாண்டோஸ் நிறுவனத்தில், வெளியூர் செல்லும் ஊழியர்கள் தாம் போன இடத்து மண்ணில் சிறிது எடுத்துவரும் வழக்கம் இருந்தது. அவ்வாறு நார்வேயின் ஹர்டாங்கர் பீடபூமியிலிருந்து 1969இல் வந்த மண்ணில் ஒரு பூஞ்சை கிடைத்தது. அதன் சாரத்தைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தலாம் என்று எண்ணினர். அதில் அது பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால், 1972இல் அதற்கு வேறொரு குணம் இருப்பது தெரிந்தது. சைக்ளோஸ்போரின் எனப் பெயர் பெற்ற அப்பொருள் லிம்போசைட்டுகளைக் கொல்லவில்லை. அவை விழித்தெழுவதை மட்டும் நிறுத்தியது. மருந்தை நீக்கினால் செல்கள் பழைய நிலைக்குத் திரும்பின. 1978இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983இல் வெளியான ஐரோப்பியக் கூட்டாய்வொன்றில், சைக்ளோஸ்போரின் பெற்றவர்களுள் 72 விழுக்காட்டினரின் மாற்றுச் சிறுநீரகம் ஓராண்டுக்குப் பின்னும் இயங்கியது. பழைய மருந்துகள் பெற்றவர்களிடம் அது 52 விழுக்காடு. அதே ஆண்டு அமெரிக்காவிலும் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

அப்போது, இம்மருந்து செல்லுக்குள் எதைத் தடுக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. தடுக்கப்படும் பாதையே அறியப்படாதபோது, தடை நிகழும் இடத்தை எப்படிச் சுட்ட முடியும்?

பாதையின் வெளிவாசல் முதலில் தெரிந்தது. நோய்க்கிருமியின் புரதத் துண்டை அடையாளம் காணும் டி செல் ஏற்பியின் மரபணுக்களை 1984இல் அமெரிக்காவில் மார்க் டேவிஸ் குழுவும், கனடாவில் டாக் மாக் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. கண்டறிந்ததும் ஒரு புதிர் எழுந்தது. கிருமித் துண்டைப் பற்றும் அவ்வேற்பியின் வெளிப்பகுதி பெரிது. செல்லுக்குள் நீளும் வாலோ சில அமினோ அமிலங்களே கொண்ட சிறு துணுக்கு. வாசலில் காவலர் இருக்கிறார். அவரால் உள்ளே செய்தி அனுப்ப இயலாது. செய்தியைக் கடத்தும் பணி, ஏற்பியோடு ஒட்டி நிற்கும் சிடி3, ஜீட்டா எனும் துணைப் புரதங்களுடையது என்பது படிப்படியாகத் தெளிந்தது. 1989இல் ஜெர்மனியின் மைக்கேல் ரெத், இத்துணைப் புரதங்களின் வால்களில் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருவதைச் சுட்டினார்: குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்த இரண்டு டைரோசின்கள். செய்தி பொறிக்கப்படும் இடம் அதுவே.

பொறிப்பது யார்? சான்பிரான்சிஸ்கோவில் ஆர்தர் வைஸ் இக்கேள்வியை வேறு வழியில் அணுகினார். இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு சிறுவனின் இரத்தத்திலிருந்து 1970களில் உருவாக்கப்பட்ட ஜுர்காட் எனும் செல் வரிசை, ஆய்வகங்களில் முடிவின்றி வளர்வது. அதன் ஏற்பியை எதிர்ப்பொருள் கொண்டு தூண்டினால் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது என்பதை 1984இல் வைஸும் அவருடைய சகாக்களும் காட்டினர். பிறகு, தூண்டியும் கால்சியம் உயராத பழுதுபட்ட செல்களைத் தேடிப் பிரித்தெடுத்தனர். ஏற்பி இருக்கிறது, தூண்டல் கிடைக்கிறது, ஆனால் உள்ளே அமைதி. அத்தகைய ஒரு வரிசையில் எல்சிகே எனும் நொதி செயல்படவில்லை என்பது 1992இல் உறுதியானது. டைரோசின்களில் பாஸ்பேட்டைப் பொருத்தும் நொதி இது. டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி4 புரதத்தோடு இது ஒட்டியிருப்பது 1988இலேயே தெரிந்திருந்தது. பழுதான செல், பாதையின் முதல் படியைக் காட்டிக்கொடுத்தது.

அதே 1992இல், பாஸ்பேட் பொறிக்கப்பட்ட ஜீட்டா வாலில் வந்து அமரும் ஜாப்-70 எனும் இன்னொரு நொதியை வைஸின் குழு கண்டறிந்தது. ஆய்வகச் செல்லில் கண்ட இச்செய்தி மனித உடலில் எவ்வளவு முக்கியம் என்பதற்கான விடை இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1994இல் மூன்று ஆய்வுக் கட்டுரைகள், கடும் நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு பிறந்த சில குழந்தைகளிடம் ஜாப்-70 இல்லை என்று அறிவித்தன. அக்குழந்தைகளிடம் சிடி8 வகை டி செல்கள் ஏறத்தாழ இல்லை. சிடி4 வகைச் செல்கள் இருந்தன, ஆனால் அழைப்புக்கு மறுமொழி தரவில்லை. படை இருந்தது, கட்டளை போய்ச் சேரவில்லை.

ஜாப்-70 தன் பாஸ்பேட்டை எங்கே பொறிக்கிறது என்பதற்கு விடையாக 1998இல் லாரன்ஸ் சாமெல்சன் ஆய்வகம் லாட் எனும் சவ்வுப் புரதத்தை அடையாளம் கண்டது. அது ஒரு மேடை போன்றது. அதில் பல புரதங்கள் கூடுகின்றன. அவற்றுள் ஒரு நொதி, செல் சவ்வின் கொழுப்பு மூலக்கூறொன்றை இரண்டாக வெட்டுகிறது. வெட்டுண்ட ஒரு துண்டு செல்லின் உள்ளே மிதந்து சென்று, அங்கே தேங்கியிருக்கும் கால்சியக் கிடங்கைத் திறந்துவிடுகிறது. ஏற்பி தூண்டப்பட்டதற்கும் கால்சியம் உயர்வதற்கும் இடையிலிருந்த இருள் இவ்வாறு விலகியது.

இனி, பாதையின் மறுமுனை. விழித்தெழுந்த டி செல் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று, இன்டர்லூக்கின்-2 எனும் புரதத்தைச் சுரப்பது. செல் பெருகுவதற்கான கட்டளை அது. அதன் மரபணுவின் மேல் அமர்ந்து அதை இயக்கும் என்ஃபாட் எனும் புரதத்தை 1988இல் ஜெரால்டு கிராப்ட்ரீ ஆய்வகம் விவரித்தது. சைக்ளோஸ்போரின் கொடுத்தால் அந்த மரபணு இயங்குவதில்லை. ஆக, மருந்தின் தடை, கால்சியத்திற்கும் என்ஃபாட்டுக்கும் இடையில் எங்கோ இருந்தது.

இங்கே ஆய்வுலகம் சிறிது காலம் வழி தவறியது. சைக்ளோஸ்போரின் செல்லுக்குள் சைக்ளோஃபிலின் எனும் புரதத்தைப் பற்றுகிறது என்பது 1984இல் தெரிந்திருந்தது. அப்புரதம், பிற புரதங்கள் மடிந்து வடிவம் பெற உதவும் ஒரு நொதி என்பது 1989இல் தெரிந்தது. மருந்து அந்நொதியைச் செயலிழக்கச் செய்வதும் மெய்யே. எனவே புரதம் மடிவதைத் தடுத்துத்தான் மருந்து வேலை செய்கிறது என்று எண்ணுவது இயல்பாக இருந்தது.

அந்த எண்ணத்தை உடைத்தவை வேறு இரு மண்களிலிருந்து வந்த மருந்துகள். ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1984இல் கிடைத்தது எஃப்கே-506. இன்று டாக்ரோலிமஸ் என வழங்குவது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்தது ராபமைசின். காசி இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயின்று, கனடாவில் பணியாற்றிய சுரேன் சேகலும் அவருடைய சகாக்களும் 1975இல் அதை வெளியிட்டனர். அவருடைய நிறுவனம் அந்த ஆய்வகத்தை மூடி, திட்டத்தையும் கைவிட்ட காலத்தில், அந்நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தவர் சேகல். இவ்விரு மருந்துகளும் செல்லுக்குள் பற்றுவது ஒரே புரதத்தை; அதுவும் புரத மடிப்புக்கு உதவும் நொதிதான்; இரண்டு மருந்துகளும் அதைச் செயலிழக்கச் செய்கின்றன. ஆயினும் டாக்ரோலிமஸ் இன்டர்லூக்கின்-2 சுரப்பதை நிறுத்துகிறது, ராபமைசின் நிறுத்துவதில்லை. நொதி செயலிழப்பதுதான் காரணமென்றால் இரண்டும் ஒரே விளைவையன்றோ தர வேண்டும்?

1991இல் ஸ்டூவர்ட் ஷ்ரைபரும் சகாக்களும் விடை கண்டனர். மருந்து தனியே வேலை செய்வதில்லை. தான் பற்றிய புரதத்தோடு சேர்ந்து ஒரு கூட்டாக மாறி, அக்கூட்டு மூன்றாவதான ஒரு புரதத்தை முடக்குகிறது. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் வேதியியல் அமைப்பில் ஒற்றுமையற்றவை. அவை பற்றும் புரதங்களும் வேறு. ஆனால் இரண்டு கூட்டுகளும் போய் முடக்குவது ஒன்றைத்தான்: கால்சினியூரின். கால்சியம் உயர்ந்ததும் இயங்கத் தொடங்கி, பிற புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதி அது. அது நீக்கும் பாஸ்பேட்டுகளுள் என்ஃபாட்டின் பாஸ்பேட்டும் ஒன்று என்பதை 1993இல், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அஞ்சனா ராவின் ஹார்வர்டு ஆய்வகம் நிறுவியது. பாஸ்பேட் ஏறியிருக்கும் வரை என்ஃபாட் செல்லின் வெளிப்பகுதியில் கட்டுண்டு கிடக்கும். அது நீங்கியதும் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்கும். பத்தாண்டுகளாக நோயாளிகளைக் காத்துவந்த மருந்து எங்கே தடுக்கிறது என்பது ஒருவழியாகத் தெரிந்தது. அத்தடையே, டி செல் பாதையின் நடுப்பகுதியையும் வெளிச்சமிட்டது.

கால்சியம் மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏற்பியின் வழியே மட்டும் தூண்டப்பட்டு, சிடி28 போன்ற துணை ஏற்பியின் வழியே இரண்டாவது சமிக்ஞை கிட்டாத டி செல் விழித்தெழாது. பின்னர் முறையாக அழைத்தாலும் எழாத ஒருவகை மரப்பு நிலையை அடையும். 1987இல் மார்க் ஜென்கின்ஸும் ரொனால்டு ஷ்வார்ட்ஸும் இதைக் காட்டினர். துணைப் புரதங்களின்றித் தனியே உட்கருவுக்குச் செல்லும் என்ஃபாட், வேறு மரபணுக்களை இயக்கி அந்த மரப்பை உண்டாக்குகிறது என்பது 2002இல் ராவின் ஆய்வகத்திலேயே வெளிப்பட்டது. தன் உடலின் மீதே டி செல்கள் பாயாமல் இருப்பதற்கான காப்புகளுள் இதுவும் ஒன்று.

எஞ்சியிருந்தது ஒரு வாசல். செல்லின் உட்கிடங்கிலுள்ள கால்சியம் சிறிது நேரத்துக்கே போதும். என்ஃபாட் உட்கருவில் நிலைத்திருக்க, மணிக்கணக்கில் கால்சியம் வந்துகொண்டிருக்க வேண்டும். செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதி. மதகைத் திறந்தால் தானே பாயும். மதகு இருப்பதை 1980களின் இறுதியிலிருந்தே மின்னோட்ட அளவீடுகள் காட்டின. ஆனால் அது எந்தப் புரதம் என்பது பல ஆண்டுகள் பிடிபடவில்லை.

1996இல் ஜெர்மனியில் ஸ்டீபன் ஃபெஸ்கேயும் சகாக்களும், கடும் நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு பிறந்த இரு சகோதரர்களைப் பற்றி எழுதினர். அவர்களிடம் டி செல்கள் இருந்தன, எழுப்பினால் எழவில்லை. வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வருவதே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. ஃபெஸ்கே ராவின் ஆய்வகத்துக்கு வந்தார். அக்குழந்தைகளின் உறவினர்களிடமும் செல்களைப் பெற்று அளந்தனர். நோயின்றி வாழும் சிலரின் செல்களிலும் கால்சிய வரத்து குறைந்திருந்தது. பழுதான மரபணுவின் ஒரு படியை மட்டும் சுமப்பவர்கள் அவர்கள். இதைக் கொண்டு மரபணு இருக்கும் பகுதியைக் குறுக்கினர். மறுபுறம், பழ ஈயின் செல்களில் மரபணுக்களை ஒவ்வொன்றாக ஒடுக்கி, எதை ஒடுக்கினால் என்ஃபாட் உட்கருவுக்குச் செல்லாது என்று தேடினர். இரு தேடல்களும் ஒரே மரபணுவில் வந்து சந்தித்தன. 2006இல் அது வெளியானது. அதே ஆண்டில் வேறு குழுக்களும் பழ ஈயின் வழியே அம்மரபணுவை அடைந்தன. அக்குழந்தைகளிடம் அப்புரதத்தின் 91ஆவது அமினோ அமிலம் மட்டும் மாறியிருந்தது. கிரேக்கத் தொன்மத்தில் வானுலகின் வாயிலைக் காப்பவர்களின் பெயரால், அதற்கு ஓராய் என்று பெயரிட்டனர். உட்கிடங்கு வற்றியதை உணர்ந்து ஓராய் மதகைத் திறக்கும் ஸ்டிம் எனும் புரதம் அதற்கு முந்தைய ஆண்டே தெரிந்திருந்தது. ஏற்பியிலிருந்து மரபணு வரையிலான முதன்மைப் பாதை ஒன்று இவ்வாறு முழுமை பெற்றது.

பாதை தெரிந்ததால் அதை அடைக்க மட்டுமன்றி, வேண்டுமென்றே திறக்கவும் முடிகிறது. புற்றுநோய்ச் செல்லைப் பற்றும் எதிர்ப்பொருளின் தலையை ஜீட்டா வாலோடு இணைத்துச் செயற்கை ஏற்பி ஆக்கினால், அதே எல்சிகே, அதே ஜாப்-70, அதே கால்சியம் வழியே டி செல் எழுகிறது. கார்-டி சிகிச்சை என்பது இதுவே. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19 சிகிச்சைக்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது.

இந்த வரலாற்றுக்கு ஒரு கசப்பான மறுபக்கமும் உண்டு. கால்சினியூரின் முதன்முதலில் கண்டறியப்பட்டது டி செல்லில் அன்று. 1979இல் கிளாட் கிளீயும் சகாக்களும் மூளைத் திசுவில் கண்டு, நரம்பு மண்டலத்தின் புரதம் என்றே அதற்குப் பெயரிட்டனர். சிறுநீரகத்திலும் அது உண்டு. எனவே டாக்ரோலிமஸ் உண்பவர்களுக்குக் கை நடுக்கம் வருகிறது. மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தே, அளவு மிஞ்சினால் அச்சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் நச்சு. இரத்தத்தில் மருந்தின் அளவை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. இம்மருந்துகள் டி செல்லைக் கொல்வதில்லை. அதன் பாதையில் ஓர் இடத்தை அடைத்து நிற்கின்றன, அவ்வளவே. பாசலில் 1970களில் வியப்போடு கண்ட அந்த நற்குணம், வாழ்நாள் முழுதும் மருந்து உண்ணும் நோயாளியின் வீட்டில் வேறு பொருள் கொள்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்றோ, மாதந்தோறும் வாங்கக் கையில் பணமில்லை என்றோ, நம் நாட்டில் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்நேரத்திலும் அயல் சிறுநீரகத்தை அடையாளம் காணும் டி செல்கள் அவர் இரத்தத்தில் உயிரோடு உலவிக்கொண்டே இருக்கின்றன. ஏற்பி பற்றுகிறது, எல்சிகே பொறிக்கிறது, ஓராய் திறக்கிறது, கால்சியம் பாய்கிறது; கால்சினியூரினில் மட்டும் தடை. மருந்து நீங்கினால் அத்தடையும் நீங்கும். அதற்குப் பின் என்ஃபாட் உட்கருவுக்குள் செல்லச் சில நிமிடங்களே போதும்.